இரும்பை அறுக்கும் ஒளி ஏழையின் கல்லை உடைக்காதா?

தளி பஸ் நிலையத்தில் விடியற்காலையில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் போதும். ஒசூர் தொழில் வட்டாரம் என்றால் என்ன என்று யாரும் நமக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் ரோஜாக் கட்டுகள் பெங்களூருக்கு ஏறுகின்றன. மறுபக்கம் முதல் ஷிப்டுக்குப் போகும் இளைஞர்கள் ஏறுகிறார்கள். ஒரே டீக்கடையில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கின்றன. பூவும் போகிறது, உழைப்பும் போகிறது. இரண்டும் வாடித் திரும்புகின்றன.

அங்கே நாம் சந்தித்த ஒரு தொழிலாளி, தகடு அறுக்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்பவர். "பைபர் மெஷின்" ஓட்டுகிறார். கண்ணுக்குத் தெரியாத ஒளிக் கற்றை, விரல் தடிமனுள்ள இரும்புத் தகட்டைச் சொன்ன வடிவத்தில் அறுத்துப் போடுகிறது என்று பெருமையோடு சொன்னார். அடுத்த நிமிடமே சட்டையைத் தூக்கி இடுப்பைத் தொட்டுக் காட்டினார். சிறுநீரகத்தில் கல். வலி தாங்காமல் எல்லை தாண்டிப் போய், லேசர் வைத்து உடைத்துக்கொண்டு வந்திருக்கிறார். "கல்லும் போச்சு தோழர், வீட்டுக்காரி கழுத்துச் செயினும் போச்சு" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "நான் ஓட்டறதும் லேசர், அங்கே எனக்கு வைச்சதும் லேசர். அது ஏன் நம்ம ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்குது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் நமது இன்றைய வேலை.

இழைக்குள்ளே பிறக்கும் ஒளி

முதலில் இந்த யந்திரம் என்னவென்று பார்ப்போம். தெரியாததைக் கேட்டால் சர்க்கார் நம்மை ஏமாற்றிவிடும். தெரிந்து கேட்டால் ஏமாற்ற முடியாது.

1960 மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் மாணிக்கக் கல் தண்டிலிருந்து முதல் லேசர் ஒளியை வரவழைத்தார். அடுத்த ஆண்டே, 1961-ல், எலியாஸ் ஸ்னிட்சர் என்ற விஞ்ஞானி கண்ணாடி இழையிலிருந்தே லேசர் ஒளியைப் பெற முடியும் என்று காட்டினார். ஆனால் அந்தக் கண்ணாடி இழை தொழிற்சாலைக்குள் நுழைய இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

பழைய லேசரில் ஒரு படிகத் தண்டு இருக்கும். அதன் இரு முனைகளிலும் கண்ணாடிகள் நிற்கும். பக்கத்தில் பெரிய விளக்கு எரியும். கண்ணாடி இம்மி நகர்ந்தால் லேசர் படுத்துவிடும். தண்டு சூடேறும், அதைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓட வேண்டும். பைபர் லேசரில் இந்தத் தொல்லைகள் குறைவு. தலைமயிர் போன்ற கண்ணாடி இழை. அதன் நடுத்தண்டில் அருமண் உலோகம் ஒன்று சிறிதளவு கலந்திருக்கிறது. சின்னஞ்சிறு குறைகடத்தி விளக்குகள் இழைக்குள் ஒளியை ஊட்டுகின்றன. அந்த உலோக அணுக்கள் அதைக் குடித்து, ஒரே நிறத்தில், ஒரே திசையில் திருப்பித் தருகின்றன. இரு முனைக் கண்ணாடிகளும் இழைக்குள்ளேயே கோடுகளாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதனால் நகர்வதற்கு எதுவும் இல்லை. இழை நீளமாக இருப்பதால் சூடு பரவிப் போய்விடுகிறது.

எந்த உலோகத்தைக் கலக்கிறோம் என்பதுதான் சூட்சுமம். இட்டர்பியம் கலந்தால் சுமார் 1.07 மைக்ரான் அலைநீளத்தில் ஒளி வரும். அதுதான் நம் தொழிலாளியின் பட்டறையில் இரும்பை அறுக்கிறது. தூலியம் கலந்தால் 1.94 மைக்ரானில் ஒளி வரும். இந்த ஒளியைத் தண்ணீர் ஆவலோடு குடித்துவிடும். மனித உடம்பின் சதை பெரும்பாலும் தண்ணீர்தானே! ஆகவே இந்த ஒளி பட்ட இடத்தில் மில்லிமீட்டரின் சிறு பங்கு ஆழத்துக்கு மேல் போவதில்லை. வெட்ட வேண்டியதை வெட்டும். அடியில் இருப்பதை விட்டுவிடும். சிறுநீரகக் கல்லின் மீது பட்டால், கல்லில் ஊறியுள்ள நீரும் சுற்றியுள்ள நீரும் நொடியில் சூடேறி ஆவியாகின்றன; கல் பொடிப்பொடியாக உதிர்கிறது. உடம்பில் கத்தி படுவதில்லை. சிறுநீர் போகும் வழியிலேயே மெல்லிய குழாயோடு இழையும் உள்ளே போய் வேலையை முடித்துக்கொண்டு திரும்புகிறது.

இந்த வேலைக்கு 1990களிலிருந்து ஹோல்மியம் படிக லேசர் உபயோகத்தில் இருக்கிறது. அது நல்ல யந்திரம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதன் பெரிய வகைகளுக்குத் தனி மின்னிணைப்பு வேண்டும், தண்ணீர்க் குளிர்ச்சி வேண்டும், இடமும் வேண்டும். தூலியம் பைபர் லேசரோ காற்றிலேயே குளிரும். சுவரில் உள்ள சாதாரண மின்செருகியில் ஓடும். அதன் ஒளியைத் தண்ணீர் ஹோல்மியத்தின் ஒளியைவிடச் சுமார் நான்கு மடங்கு அதிகமாக உட்கொள்கிறது. இன்னும் மெல்லிய இழை வழியே அதை அனுப்பலாம். இழை மெலிந்தால் குழாய் நன்றாக வளையும். கல் எந்த மூலையில் ஒளிந்தாலும் பிடிக்கலாம்.

ஆக, பெரிய நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டுமே ஏற்ற யந்திரம் அல்ல இது. தேன்கனிக்கோட்டைக்கும் தளிக்கும் ஏற்ற யந்திரம்! இதைத்தான் நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

இது பணக்கார வியாதியா?

"காய்ச்சல் மாத்திரைக்கே வரிசையில் நிற்கும் ஏழைக்கு லேசர் ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறோம்: உங்களுக்கு ஏழையின் உடம்பு தெரியவில்லை.

கல் யாருக்கு வருகிறது? உலைக்கு முன்னால் நின்று வியர்வையாய் வடிபவனுக்கு வருகிறது. ஷிப்டு முடியும்வரை தண்ணீர் குடிக்க நேரமில்லாதவனுக்கு வருகிறது. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதே என்று, தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் நம் சகோதரிக்கு வருகிறது. வெப்பத்தில் வேலை செய்யும் உருக்காலைத் தொழிலாளரிடையே கல் நோய் பரவலாக இருப்பதைத் தென்னிந்தியாவில் நடந்த ஆய்வே எடுத்துக் காட்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நாள் முழுதும் யந்திரத்தின் முன் நின்றே வேலை செய்பவர்களின் காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது, புடைக்கிறது, புண்ணாகிறது. அந்த நாளத்துக்குள் மெல்லிய இழையை விட்டு லேசர் ஒளியால் அடைத்துவிடும் வைத்தியம் இன்று உலகெங்கும் நடக்கிறது. அதற்கும் தண்ணீர் குடிக்கும் இந்த அலைநீளங்களே ஏற்றவை. வயதானவர்களைச் சிறுநீர் கழிக்க விடாமல் வதைக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் இதே கருவி பயன்படுகிறது.

உழைப்பு கொடுத்த நோய்க்கு உழைப்பாளி கேட்கும் வைத்தியம் இது. இதைச் சலுகை என்று சொல்பவர்கள் கணக்குத் தெரியாதவர்கள்.

வித்து நம்முடையது, விளைச்சல் யாருடையது?

வளைந்த கண்ணாடி இழைக்குள் ஒளியை வளைத்து அனுப்பலாம் என்று 1954-ல் லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து உலகுக்கு எழுதிக் காட்டியவர் நரிந்தர் சிங் கபானி. பஞ்சாபின் மோகாவில் பிறந்தவர். அறுவை வைத்தியத்தில் நீண்ட காலம் ஆட்சி செய்த கரியமிலவாயு லேசரை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் குமார் பட்டேல். புனேயில் பொறியியல் படித்தவர். ஒளி ஒரு பொருளின் மீது பட்டுச் சிதறும்போது நிறம் மாறுவதைக் கண்டு 1930-ல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. ராமன், நம் திருச்சிராப்பள்ளி மண்ணில் பிறந்தவர். இன்று அவர் பெயரிலேயே ஒருவகைப் பைபர் லேசர் இருக்கிறது.

வெளியே போனவர்கள் மட்டுமா? 1964-லேயே பம்பாய் டிராம்பேயில் நம் அணுசக்தி விஞ்ஞானிகள் குறைகடத்தி லேசரைச் செய்தார்கள். 1984-ல் இந்தூரில் லேசருக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று அது ராஜா ராமண்ணா பெயரைத் தாங்குகிறது. அறுவைக்கான கரியமிலவாயு லேசரைச் செய்து மருத்துவமனைகளுக்குக் கொடுத்த அனுபவம் அதற்கு உண்டு. பைபர் லேசர் ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது. கல்கத்தாவில் 1950-ல் திறக்கப்பட்ட மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம், தூலியம் கலந்த இழையை இழுக்கவும் அதிலிருந்து லேசர் செய்யவும் கற்றிருக்கிறது. ஒசூருக்குக் கூப்பிடு தூரத்தில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அதிக சக்தியுள்ள பைபர் லேசர்களைப் பற்றிய ஆராய்ச்சி நடக்கிறது.

மூளைக்குப் பஞ்சமில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆய்வுக்கூட மேஜையிலிருந்து ஆஸ்பத்திரி மேஜைக்கு வரும் பாதையில்தான் பாலம் இல்லை. ஒரு யந்திரத்தை ஒருமுறை ஓட்டிக் காட்டுவது விஞ்ஞானியின் வேலை. அதையே ஆயிரம் முறை பழுதில்லாமல் ஓடும்படி செய்வதும், பரிசோதித்துச் சான்று வாங்குவதும், பழுது பார்க்க ஆள் வைப்பதும் தொழிற்சாலையின் வேலை. அந்தத் தொழிற்சாலைக்கு முதல் போடுவது யார்? நம் நாட்டுக்கு வேண்டிய மருத்துவக் கருவிகளில் பெரும்பகுதி இன்றும் இறக்குமதிதான். வெளிநாட்டு யந்திரத்தின் விலை, அதற்கு மாட்டும் இழையின் விலை, பழுது பார்க்க வருபவரின் விலை, இவை அத்தனையும் கூடித்தான் நம் தோழரின் மனைவி கழுத்துச் செயினைக் கழற்றியது.

"வாங்கிக்கொள்ளலாமே!"

"சீனத்தில் மலிவாகக் கிடைக்கிறது; வாங்கிக்கொள்ளலாமே" என்று சில அறிவாளிகள் யோசனை சொல்கிறார்கள். கடைக்காரன் கதவைத் திறந்து வைத்திருக்கும் வரைதான் இந்த யோசனை செல்லும். 2025 அக்டோபர் 9 அன்று சீன சர்க்கார் ஐந்து அருமண் உலோகங்களை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. எவை அவை? ஹோல்மியம், எர்பியம், தூலியம், யூரோப்பியம், இட்டர்பியம். இரும்பை அறுக்கும் லேசரின் உயிர் அதில் இருக்கிறது. கல்லை உடைக்கும் லேசரின் உயிரும் அதில் இருக்கிறது! நவம்பரில் அந்த உத்தரவு ஓராண்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் பூட்டு யார் கையில் இருக்கிறது என்பதை உலகம் பார்த்துவிட்டது.

சீனத்தின் மீது நமக்குக் கோபம் இல்லை. அவர்கள் தங்கள் மண்ணைத் தங்கள் தொழிலாக மாற்றினார்கள். நாம் ஏன் செய்யவில்லை என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு எச்சரிக்கை. "லேசருக்கு அருமண் வேண்டும், ஆகவே குமரிக் கடற்கரையைத் தோண்டுவோம்" என்று யாராவது கிளம்பினால் ஏமாந்துவிடக் கூடாது. மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் மோனசைட்டில் தூலியம் போன்ற கனமான அருமண்கள் மிகச் சொற்பம். கிள்ளியூர் வட்டாரத்து மீனவ மக்கள் தங்கள் கரையைக் காக்கப் போராடுகிறார்கள். வைத்தியத்தின் பெயரால் அவர்களுக்குக் குழி தோண்ட நாம் சம்மதியோம். தோண்டவும் தேவையில்லை. ஒரு பைபர் லேசருக்குள் இருக்கும் செயலிழை சில மீட்டர்தான். அதன் நடுத்தண்டில் தங்கும் தூலியத்தை எடை போட்டால் மில்லிகிராம் கணக்குக்கூட ஒழுங்காகத் தேறாது. இழை செய்யும்போது வீணாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் நாட்டுக்குப் பல ஆண்டுகளுக்கு வேண்டிய தூலியத்தை ஓர் அலமாரியில் பூட்டி வைத்துவிடலாம். முன்யோசனையுள்ள சர்க்கார் அதை இன்றே வாங்கி வைக்கும். நமக்குத் தட்டுப்பாடு மண்ணில் இல்லை, மனத்தில்தான் இருக்கிறது.

நடந்து காட்டியவர்கள் உண்டு

"நம்மால் முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் வைத்திய நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வு செய்ய முனைந்தார்கள். முதல் மாதிரி தோற்றது. இரண்டாவது தோற்றது. மூன்றாவதும் தோற்றது. "போதும், வெளிநாட்டில் வாங்குவோம்" என்று எழுந்து போகவில்லை. நான்காவது வென்றது. 1990 டிசம்பரில் அந்த வால்வு முதன்முதலாக ஒரு நோயாளியின் நெஞ்சில் துடித்தது. பிறகு டி.டி.கே. நிறுவனத்தின் தொழிற்சாலையில் உற்பத்தியாகி, வெளிநாட்டு வால்வுக்குப் பணம் கட்ட முடியாத எத்தனையோ ஏழைகளின் உயிரைக் காத்தது. பொதுமக்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சி, பொதுமக்களின் மார்புக்குத் திரும்பி வந்த கதை அது.

இரண்டாவது, நம் மதுரை. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்ணுக்குள் வைக்கும் வில்லை அன்று வெளிநாட்டுச் சரக்கு. ஏழைக்கு எட்டாத விலை. 1992-ல் அதே இயக்கத்திலிருந்து அரோலேப் பிறந்தது; வில்லையின் விலை சரிந்தது. அதே அரோலேப் பிற்பாடு, சர்க்கரை வியாதியால் கெடும் விழித்திரைக்கு வைத்தியம் செய்யும் பச்சை லேசர் கருவியையும் செய்தது. மதுரையில் வைத்திய லேசர் செய்ய முடியுமானால், ஒசூரில் ஏன் முடியாது?

ஒசூர் கைகளின் சாட்சியம்

ஒசூரைப் பற்றி அன்றும் இப்படித்தான் சந்தேகப்பட்டார்கள். கேழ்வரகு விளையும் வறண்ட பூமியில் தொழிற்சாலையா என்றார்கள். 1980-ல் இங்கிருந்து மொபெட்டும் லாரியும் புறப்பட்டன. 1980களின் பிற்பகுதியில் கைக்கடிகாரத் தொழிற்சாலை வந்தபோது, அன்றைய தருமபுரி மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளை எடுத்துப் பழக்கினார்கள். மயிரிழை போன்ற வில்லையும், கடுகினும் சிறிய திருகையும் அந்தக் கைகள் பிடித்தன. உலகம் அந்தக் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டது. இன்று அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் செல்போன் பாகங்களையும் மின்சார வண்டிகளையும் செய்கிறார்கள்.

பைபர் லேசர் செய்ய என்ன வேண்டும்? தூசியில்லாத அறை, பூதக்கண்ணாடி, நடுங்காத கை. இரண்டு இழைகளை முனையோடு முனை வைத்து, மைக்ரான் பிசகாமல் ஒட்ட வேண்டும். கடிகாரம் கோத்த கைக்கு இது பாரமா? ஒசூர் பட்டறைகளில் பழுதான லேசருக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும் நம் தோழர்களுக்கு இது புதிதா?

தளியிலேயே இஸ்ரேல் நாட்டு ஒத்துழைப்புடன் கொய்மலருக்கு ஒரு மகத்துவ மையம் அமைத்திருக்கிறார்கள். நல்லது, பூவுக்கு மையம் வரட்டும். பூவைப் பறிக்கும் கைக்கும், யந்திரம் ஓட்டும் முதுகுக்கும் ஒரு மையம் வரக்கூடாதா?

நாம் கேட்பது

ஒன்று: மத்திய ஆய்வுக்கூடங்களில் உருவான பைபர் லேசர் நுட்பத்தை அலமாரியில் பூட்டி வைக்காமலும், ஏதோ ஒரு கம்பெனிக்குத் தனியுரிமையாகத் தாரை வார்க்காமலும், மாநில சர்க்காரின் பங்கோடு ஒசூர் – தளி வட்டாரத்தில் ஓர் உற்பத்திக்கூடம் அமைக்க வேண்டும். தனியார் வந்தால் வரட்டும். பொதுப் பணத்தில் பிறந்த கருவிக்கு விலை உச்சவரம்பு எழுத்தில் இருக்கட்டும். மருத்துவக் கருவிகளுக்கென்று ஒரகடத்தில் பூங்கா அமைக்கத் திட்டம் போட்டவர்களுக்கு ஒசூர் தூரம் இல்லை.

இரண்டு: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990களிலிருந்து மருந்துகளை மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்து நாட்டுக்கே வழிகாட்டியது. அதே முறையில், தரச் சான்று பெற்ற உள்நாட்டு லேசர் கருவிகளை வாங்குவதாக அது முன்கூட்டியே உறுதி சொல்ல வேண்டும். வாங்குபவர் உறுதியானால் செய்பவர் துணிவார்.

மூன்று: தொழிலாளியின் சந்தாவில் நடக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளுக்கும், 2022-ல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிக்கும் இந்தக் கருவியும், அதைக் கையாளத் தெரிந்த டாக்டர்களும் வர வேண்டும். லேசர் விளையாட்டுப் பொருள் அல்ல. கண்ணில் பட்டால் கண் போகும். நீர் ஓட்டம் இல்லாமல் ஓட்டினால் சிறுநீரகமே வெந்துபோகும். ஆகவே கருவியோடு பயிற்சியும் வர வேண்டும்.

நான்கு: ஒசூர் தொழிற்பயிற்சி நிலையத்தில் இழை ஒட்டும் வேலையும் லேசர் பாதுகாப்பும் பாடமாக வேண்டும்.

ஐந்தாவதை எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்கிறோம். கல்லை உடைக்கும் யந்திரம் வருவது நல்லது. கல்லே வராமல் காப்பது அதைவிட நல்லது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடைக்காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே எழுதியது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொகுப்பு வந்துவிட்டது. சட்டத்தின் பெயர் மாறலாம். தொழிலாளியின் தாகம் மாறாது. தண்ணீர்ப் பானை யந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கழிப்பறைக்குப் போகும் நேரத்தைக் கூலியில் பிடிக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் ஒழியட்டும். இந்த இரண்டுக்கும் தூலியம் வேண்டாம். வெளிநாட்டு நுட்பமும் வேண்டாம். தொழிற்சங்கம் ஒன்றுபட்டால் போதும்.

தோழர்களே! இந்தக் கோரிக்கையை மேடையில் மட்டும் பேசிக் கலைந்துவிடக் கூடாது. ஒவ்வொரு ஆலை வாசலிலும் பேசுங்கள். கல் நோயால் அவதிப்படுபவர்கள் எத்தனை பேர், வைத்தியத்துக்கு எங்கே போனார்கள், எவ்வளவு கடன் பட்டார்கள் என்று சங்கக் கிளைதோறும் கணக்கெடுங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கேள்வி கேட்கச் செய்யுங்கள். வெறுங்கையோடு கேட்கும் கேள்விக்கு வெறும் வார்த்தைதான் பதிலாக வரும். கணக்கோடு கேட்கும் கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்லியாக வேண்டும்.

தளி பஸ் நிலையத்தில் அந்தத் தோழர் கேட்ட கேள்விக்கு நமது பதில் இதுதான்: லேசர் தானாக நம் ஆஸ்பத்திரிக்கு வராது, நாம்தான் அதைக் கொண்டுவர வேண்டும். முதலாளியின் தகட்டை அறுக்கும் ஒளி இந்த மண்ணுக்கு வந்துவிட்டது. தொழிலாளியின் வலியை அறுக்கும் ஒளியும் வந்தே தீர வேண்டும். அதைச் செய்யப் போவதும் இந்த ஒசூரின் கைகளாகவே இருக்க வேண்டும்!